ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே: ஜப்பானிய மரபிசையில் 'மா'

பதினொரு ஆண்டுகள் கழித்து, கியோத்தோ நகரின் வடகோடியில் இருக்கும் அந்த மரவீட்டின் வாசலில் நின்றபோது, மாணவப் பருவத்தில் கற்ற ஒரு வாக்கியம் தானாக நாவில் வந்தது: 'கோபுசதா ஷிதே ஓரிமாசு'. நெடுநாளாகச் செய்தி ஏதும் அனுப்பாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. பிரிந்திருந்தவர்கள் மீண்டும் சந்திக்கும்போது, இடைப்பட்ட காலத்தை மறைக்காமல், அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஜப்பானியர்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த வீட்டின் மாடியறையில் இரண்டு ஆண்டுகள் நான் குடியிருந்தேன். கீழே இருந்த கணவன் மனைவி இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கணவர் ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழல் வாசிப்பவர். அம்மையார் கோத்தோ என்னும் நெடிய தந்திக் கருவியை மீட்டுபவர்.

தேநீர் வந்தது. என் வேலை, குடும்பம், உடல்நலம் பற்றிச் சில கேள்விகள் வந்தன. பிறகு பேச்சு நின்றது. தோட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மௌனத்தை நிரப்ப யாரும் முயலவில்லை. சற்று நேரத்தில் அவர் எழுந்து சென்று, பட்டு உறையிலிருந்து குழலை எடுத்து வந்து, எந்த முன்னுரையும் இல்லாமல் ஊதத் தொடங்கினார். ஒரு சுரம் எழுந்து, நீண்டு, காற்றாகிக் கரைந்தது. அடுத்த சுரம் உடனே வரவில்லை. அது வருமுன் இருந்த அந்த நேரம், சற்று முன்பு நாங்கள் மூவரும் பேசாமல் அமர்ந்திருந்த நேரத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் பட்டது.

ஜப்பானிய மரபிசை மனத்தை அமைதிப்படுத்துகிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்பதை, அந்த இசையை இதுவரை கேட்டிராதவர்களுக்கும் புரியும்படி விளக்க வேண்டும் என்பது என் விருப்பம். மெல்லிய ஒலியிலிருந்தோ மந்தமான வேகத்திலிருந்தோ அது வருவதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே விடப்படும் இடைவெளியை, ஒலிக்குக் கொடுக்கும் அதே அக்கறையோடு கையாள்வதிலிருந்துதான் அது வருகிறது. அந்த இடைவெளிக்கு ஜப்பானிய மொழியில் 'மா' என்று பெயர்.

நம் மொழியிலும் மா என்பது பல பொருள் தரும் ஓரெழுத்துச் சொல். ஜப்பானியச் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜப்பானியர்கள் மா என்பதை எழுதும் சீன வரிவடிவத்தில், ஒரு வாயிற்கதவும் அதன் நடுவே ஒரு கதிரவனும் இருக்கும். பழைய வடிவத்தில் கதிரவனுக்குப் பதிலாக நிலவு இருந்தது. மூடிய கதவின் இடுக்கு வழியே ஒளி கசிந்து வரும் காட்சி அது. கதவில் இடுக்கு இல்லையென்றால் ஒளிக்கு வழியில்லை. கதவே இல்லையென்றால் அந்த ஒளிக்கு ஓர் உருவம் இல்லை. மா என்பது வெறுமை அன்று, இருபுறமும் எல்லை உள்ள இடைவெளி என்பதை இந்த எழுத்தே காட்டிவிடுகிறது.

இசைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் கலைச்சொல்லும் அன்று அது. மரவீட்டின் இரு தூண்களுக்கு இடைப்பட்ட அளவையும் இந்த எழுத்தாலேயே குறிக்கிறார்கள். வீட்டார் கூடித் தேநீர் அருந்தும் அறைக்குச் 'சாநோமா' என்று பெயர். சமயோசிதம் இல்லாதவனை 'மானுகே', அதாவது மா கழன்றுபோனவன், என்கிறார்கள். மனிதன் என்பதற்கான 'நிங்கென்' என்ற சொல்லிலும் இதே எழுத்து இருக்கிறது. கூட்டாளிகளையும் தோழர்களையும் குறிக்கும் 'நாகமா' என்ற சொல்லின் கடைசி எழுத்தும் இதுவே. நட்பைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே இடைவெளியைக் குறிக்கும் எழுத்து அமர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கருநாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குக் 'கார்வை' நினைவுக்கு வரலாம். தாளத்தின் நடுவே சொல்லோ சுரமோ இல்லாமல் விடப்படும் அளவு அது. மிருதங்கக் கலைஞர் கோர்வையில் விடும் கார்வை எத்தனை அட்சரம் என்பதை அவரும் அறிவார், தொடை தட்டிக்கொண்டு கேட்கும் ரசிகரும் அறிவார். மாவுக்கு நெருங்கிய உறவுடையதுதான் கார்வை. ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கார்வையை எண்ணலாம். ஷாகுஹாச்சியின் பழைய உருப்படிகளில் மாவை எண்ண முடியாது. வாசிப்பவரின் மூச்சே அங்கு அளவு. ஒரு மூச்சு முடிந்து அடுத்த மூச்சு உள்ளே நிறையும் வரை அந்த இடைவெளி நீள்கிறது. நேற்று வாசித்த நீளம் இன்று இராது. மழை நாளில் ஒரு விதமாகவும், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் வேறு விதமாகவும் அமையும்.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் குழலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஷாகு என்பது பழைய ஜப்பானிய நீட்டல் அளவை, ஏறக்குறைய 30.3 சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு சுன். வழக்கமான குழலின் நீளம் ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது சுமார் 54.5 சென்டிமீட்டர், அந்த அளவே கருவியின் பெயராகிவிட்டது. மூங்கிலின் வேரை ஒட்டிய அடிப்பகுதியைக் கொண்டு செய்வதால் குழலின் கீழ்முனை பருத்து, வேர்க்கணுக்களோடு இருக்கும். துளைகள் ஐந்தே ஐந்து: முன்புறம் நான்கு, பின்புறம் ஒன்று. நம் புல்லாங்குழலைப் போல் பக்கவாட்டில் பிடிக்காமல், நேராகக் கீழ்நோக்கிப் பிடித்து, மேல்முனையில் சரிவாகச் செதுக்கிய விளிம்பின் மேல் காற்றைச் செலுத்த வேண்டும். துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் கிடைக்கும் ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசியின் சுரங்களே. மற்ற சுரங்களை எல்லாம் துளைகளைப் பாதி மூடியும், தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் உதட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள கோணத்தை மாற்றியும் பெறுகிறார்கள். தலையைத் தாழ்த்திச் சுருதியை இறக்குவதற்கு 'மேரி' என்றும், உயர்த்தி ஏற்றுவதற்குக் 'காரி' என்றும் பெயர். தலையசைக்கக் கற்கவே மூன்று ஆண்டு ஆகும் என்று ஒரு சொலவடை அங்கே உண்டு. ஒரு மாதம் முயன்று ஒரு சுரத்தைக்கூட நிலையாக எழுப்ப முடியாமல் விட்ட எனக்கு அதில் ஐயமே இல்லை.

எடோ காலம் எனப்படும் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இந்தக் குழல் பொழுதுபோக்குக் கருவியாக இருக்கவில்லை. ஜென் பௌத்தத்தின் ஒரு கிளையாகிய ஃபுகே பிரிவைச் சேர்ந்த 'கொமுசோ' என்னும் துறவிகள், தலையையும் முகத்தையும் முழுவதுமாக மறைக்கும் கூடை போன்ற தொப்பியை அணிந்து, வீதிதோறும் குழலூதி யாசித்து வாழ்ந்தார்கள். ஊதுவதே அவர்களுக்குத் தியானம். அதை 'சுயிசென்', ஊதும் ஜென், என்றார்கள். அவர்கள் வழிவழியாக வாசித்த உருப்படிகளுக்கு 'ஹொன்கியோக்கு' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் குரோசாவா கின்கோ என்பவர் ஊர் ஊராக வழங்கிய உருப்படிகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். அவர் மரபில் 36 உருப்படிகள் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1871இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவைக் கலைத்துவிட்டது. குழலைத் துறவிகளிடமிருந்து பறித்த அந்த ஆணை, அதைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டு சேர்த்தது. கியோத்தோவின் தோஃபுகுஜி வளாகத்தை ஒட்டிய மெய்யான்ஜி கோயில், கொமுசோ மரபின் நினைவை இன்றும் காத்து வருகிறது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைய வேண்டும். 'ஜென் இசை' என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் பல மணி நேரப் பதிவுகளில் ஓடை சலசலக்கும், பறவை கூவும், குழல் இடைவிடாமல் குழைந்துகொண்டே இருக்கும். தூக்கம் வர அவை உதவலாம், அதில் தவறில்லை. ஆனால் மரபிசை அப்படி இராது. ஷாகுஹாச்சியில் 'முராஇக்கி' என்றொரு உத்தி இருக்கிறது: காற்றை வேண்டுமென்றே சீறவிட்டு, சுரத்தை விட மூச்சின் ஓசையே ஓங்கும்படி ஊதுவது. முதல்முறை கேட்பவர் திடுக்கிடுவார். பிவா, ஷாமிசென் ஆகிய தந்திக் கருவிகளில் 'சவாரி' என்னும் அதிர்வோசையை வேண்டியே உண்டாக்குகிறார்கள். தந்தி மரத்தை மெல்ல உரசி ஒரு ரீங்காரம் எழும். நம் தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஜீவா என்னும் நூலைச் செருகி எழுப்புகிறோமே, அதே வகை ரீங்காரம். நோ என்னும் மரபு நாடகத்தின் மேளக் கலைஞர்கள் அடிக்கு முன்னும் பின்னும் 'யோ', 'ஹோ' என்று உரக்கக் குரல் எழுப்புவார்கள். இவ்வளவு கரடுமுரடான ஒலிகள் நிறைந்த இசை எப்படி அமைதி தருகிறது?

சீறும் ஒலி அடங்கும் கணத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். மென்மையான ஒலி நின்றால், நின்றதையே நாம் கவனிக்கமாட்டோம். அழுத்தமான ஒலி நின்றதும் காது விரிகிறது. கூரையில் விழும் மழை, பக்கத்தில் இருப்பவரின் மூச்சு, தொலைவில் செல்லும் வண்டி எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. அடுத்த சுரம் எப்போது வரும் என்று தெரியாததால் மனம் முன்னே ஓடவும் முடிவதில்லை, போன சுரத்தோடு பின்தங்கவும் முடிவதில்லை. அந்த விழிப்பான நிற்றலைத்தான் நாம் பிறகு அமைதி என்று நினைவுகூர்கிறோம். தூக்கத்திற்கு நேர் எதிரான நிலை அது.

கோத்தோவில் மா வேறு விதமாகப் பிறக்கிறது. பௌலோனியா என்னும் இலேசான மரத்தில் செய்த, சுமார் 180 சென்டிமீட்டர் நீளமுள்ள கருவி அது. 13 தந்திகள், ஒவ்வொரு தந்திக்கும் நகர்த்தக்கூடிய தனித்தனிக் குதிரை. வலக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் நகம் போன்ற மீட்டிகளை அணிந்து மீட்டுகிறார்கள். இடக்கை, குதிரைக்கு அப்புறமுள்ள தந்திப் பகுதியை அழுத்திச் சுருதியை ஏற்றும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'ஹிராஜோஷி' என்னும் புகழ்பெற்ற சுருதியமைப்பில், முதல் தந்தியை ஆதாரமாகக் கொண்டால், சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் கொண்ட ச ரி ம ப த என்ற ஐந்து சுரங்கள் கிடைக்கும். மீட்டிய தந்தியின் ஒலி உடனே தேயத் தொடங்கிவிடும். குழலைப் போல் நீட்ட இயலாது. எனவே கோத்தோ இசையில் ஒவ்வொரு சுரமும் தன் மறைவைத் தானே கூட அழைத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தேய்வை இறுதி வரை கேட்டிருந்து, அது முற்றிலும் அற்றுப்போகுமுன் அடுத்த தந்தியைத் தொடுவதுதான் நல்ல கலைஞரின் கைப்பக்குவம்.

இதைக் கேட்டு உணர 'ரொக்குதான் நோ ஷிராபே' என்ற உருப்படியே சிறந்த தொடக்கம். 1614 முதல் 1685 வரை வாழ்ந்த யாட்சுஹாஷி கெங்யோ இயற்றியதாக வழிவழியாகக் கருதப்படுவது அது. அவர் பார்வையற்றவர். கெங்யோ என்பது, பார்வையற்ற இசைக்கலைஞர்கள் அங்கம் வகித்த பழைய சங்கத்தின் மிக உயர்ந்த பட்டம். ரொக்குதான் என்றால் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் 104 அடிகள் கொண்டது, முதல் பகுதியின் தொடக்கத்தில் மட்டும் 4 அடிகள் கூடுதல். பாட்டு இல்லை, கருவியிசை மட்டுமே. மாணவர்கள் அதை வாயால் சொல்லிப் படிக்கும் முறை நம் சொற்கட்டுகளைப் போன்றது: 'தேன்... தொன், ஷான்'. முதல் 'தேன்' விழுந்ததும் தோன்றும் இடைவெளியிலேயே மா வந்து அமர்ந்துவிடுகிறது. பகுதிக்குப் பகுதி வேகம் சிறிது சிறிதாகக் கூடி, ஆறாவது பகுதியின் இறுதியில் தளர்ந்து ஓய்கிறது. மெல்லத் தொடங்கி, கலைந்து விரிந்து, விரைந்து முடியும் இந்தப் போக்கை 'ஜோ, ஹா, கியூ' என்கிறார்கள். நோ நாடகத்திலும் தேநீர்ச் சடங்கிலும்கூட இதையே பின்பற்றுகிறார்கள். கியோத்தோவில் கிடைக்கும் யாட்சுஹாஷி என்ற இலவங்கப்பட்டை மணக்கும் தின்பண்டம் இவர் பெயரால் அமைந்தது என்றும், அதன் வளைந்த வடிவம் கோத்தோவைக் குறிப்பது என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அன்று தேநீரோடு அம்மையார் எனக்கு வைத்ததும் அதுவே.

தனியாக வாசிக்கும்போது மா ஒருவருடைய மூச்சைச் சார்ந்தது. பலர் சேர்ந்து வாசிக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் என்னை அதிகம் ஈர்த்த பகுதி. 'சங்கியோக்கு' என்பது மூவர் இசை: கோத்தோ, ஷாமிசென், அவற்றோடு ஷாகுஹாச்சி அல்லது வில்லால் இசைக்கும் கொக்கியூ. மூவரும் வாசிப்பது ஏறக்குறைய ஒரே மெட்டைத்தான். ஆனால் ஒருவர் அரை நொடி முந்துவார், ஒருவர் பிந்துவார். ஒருவர் எளிமையாகச் சொன்ன இடத்தை மற்றவர் சற்று அலங்கரித்துச் சொல்வார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன, ஒன்றாகிவிடுவதில்லை. பழைய நண்பர்கள் மூவர் உட்கார்ந்து, மூவருக்கும் தெரிந்த ஒரே நிகழ்ச்சியை நினைவுகூர்வதைப் போன்றது இது. ஒருவர் தொடங்கிய வாக்கியத்தின் வாலை இன்னொருவர் பிடிப்பார். மூன்றாமவர் 'அன்று மழையும் பெய்தது' என்று ஒரு துணுக்கைச் சேர்ப்பார். அவர்களுக்கு நடத்துநர் தேவையில்லை. ஒருவர் மூச்சிழுக்கும் விதத்திலிருந்தே மற்றவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்பது தெரிந்துவிடும். நெடுநாள் சேர்ந்து வாசித்தவர்களின் சங்கியோக்குவுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களின் சங்கியோக்குவுக்கும் உள்ள வேறுபாட்டை, இலக்கணம் அறியாத காதும் பிரித்தறியும் என்றே நம்புகிறேன்.

நட்புக்கும் இசைக்கும் உள்ள இந்த உறவை ஜப்பானிய மொழி இன்னொரு சொல்லிலும் பதிந்து வைத்திருக்கிறது. நெருங்கிய நண்பரை 'ச்சிஇன்' என்பார்கள். நேர்ப்பொருள், ஒலியை அறிந்தவர். பண்டைச் சீனக் கதை ஒன்றிலிருந்து வந்த சொல் அது. போயா என்ற யாழ்க்கலைஞர் மலையை எண்ணி மீட்டினால் அவருடைய நண்பர் சோங் ட்சுசி மலையைக் கேட்பார். ஆற்றை எண்ணி மீட்டினால் ஆற்றைக் கேட்பார். நண்பர் இறந்ததும், தன் இசையை அறிய இனி எவரும் இல்லை என்று தந்திகளை அறுத்தெறிந்துவிட்டு, போயா அதன்பின் மீட்டவே இல்லை. கியோத்தோவில் ஜூலை மாதம் நடக்கும் கியோன் திருவிழாவின் ஊர்திகளில் ஒன்றான ஹாக்குகாயாமா இந்தக் காட்சியையே காட்டுகிறது; போயாவின் பெயரை ஜப்பானியர்கள் ஹாக்குகா என்று ஒலிக்கிறார்கள். கருவியை உடைக்கக் கோடரியுடன் நிற்கும் உருவம் அந்த ஊர்தியின் மேல் இருக்கும். அங்கே குடியிருந்த முதல் கோடையில் அந்தக் கதையை எனக்குச் சொல்லி, கூட்டத்தின் நடுவே அதைச் சுட்டிக் காட்டியவர் குழல் வாசிக்கும் அந்த வீட்டுக்காரரே.

கேட்கத் தொடங்குபவர்களுக்குச் சில சொற்கள். முதலில் ரொக்குதான், ஏழெட்டு நிமிடம்தான். வேறு வேலை ஏதும் செய்யாமல், காதொலிக் கருவியை மாட்டிக்கொள்ளாமல், அறையின் ஒலிகளும் உள்ளே வரும்படி கேளுங்கள். மெட்டைத் தொடர வேண்டாம். ஒவ்வொரு தந்தியின் ஒலியும் எங்கே முடிகிறது என்பதை மட்டும் தொடருங்கள். பிறகு மியாகி மிச்சியோ 1929இல் இயற்றிய 'ஹாரு நோ உமி', வசந்தக் கடல். கோத்தோவும் ஷாகுஹாச்சியும் உரையாடும் அது மேலைநாட்டு இசையின் சாயலும் கலந்தது, புதியவர்களுக்கு இதமானது. ஜப்பானில் புத்தாண்டு நாள்களில் கடைவீதியெங்கும் அதுதான் ஒலிக்கும். அரசவை இசையாகிய ககாக்குவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதில் 17 மூங்கில் குழாய்கள் கொண்ட 'ஷோ' என்ற கருவி, மூச்சை விடும்போதும் இழுக்கும்போதும் ஒலிப்பதால், இடைவெளியே இல்லாமல் பனிமூட்டம்போல் பரவும். மாவை அங்கே மேள அடிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும். ஹொன்கியோக்குவைக் கடைசியில் கேளுங்கள். 1977இல் விண்ணில் ஏவிய வாயேஜர் கலங்களின் பொன் இசைத்தட்டில் யமாகுச்சி கோரோ வாசித்த, கொக்குகள் கூடு கட்டுவதைச் சொல்லும் உருப்படி இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

ஹொன்கியோக்குகளுள் இருவர் வாசிப்பது ஒன்று உண்டு: 'ஷிகா நோ தோனே', தொலைவில் கேட்கும் மானின் குரல். இலையுதிர் காலத்து மலைகளில் எதிரெதிரே நின்று கூவும் மான்களை இரண்டு குழல்களும் காட்டும். ஒன்று கூவும், மறுகுரல் வரும் வரை காத்திருக்கும். மெல்ல மெல்ல இடைவெளி சுருங்கி, ஒன்றன் குரல் முடியுமுன் மற்றொன்று தொடங்கி, இரண்டும் பின்னிக்கொள்ளும்.

அன்று மாலை, வீட்டுக்காரரோடு நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாசிக்கும் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அந்த நண்பர் உள்ளறைக்குச் சென்று கதவை இழுத்து மூடிக்கொண்டார். வீட்டுக்காரர் எங்களோடு தோட்டத்தைப் பார்த்தபடி அமர்ந்தார். இவர் ஊதிய முதல் சுரம் தேய்ந்து மறைந்தது. மழையின் ஓசை மட்டும் இருந்தது. அம்மையார் கண்ணை மூடியிருந்தார். வெகுநேரம் போனதாக எனக்குத் தோன்றியது. உள்ளே அவர் மறந்துவிட்டாரோ என்றுகூட எண்ணினேன். குழலை மடியில் கிடத்திக்கொண்டு இவர் அசையாமல் இருந்தார், கதவின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிறகு அந்தக் காகிதக் கதவுக்கு அப்பாலிருந்து மறுகுரல் வந்தது.